ஐந்து கிளாஸ், ஒரு வாய்

வினோதினி வேலைக்குப் போகும் நாட்களில் தலையில் பூ வைப்பதில்லை. முகத்துக்குப் பவுடர் கிடையாது. துணி துவைப்பது வாசனையில்லாத சோப்பில். காலைச் சாப்பாட்டில் வெங்காயம் கூடாது, பூண்டு அறவே கூடாது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்த கோபிநாத், தன் மனைவி ஏதோ நீண்ட விரதத்தில் இருக்கிறாள் என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் வேலைக்காகத்தான். ஒரகடத்தில் கார்களுக்கு டேஷ்போர்டும் சீட்டும் செய்யும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் ஆய்வகத்தில் அவள் மோந்து பார்ப்பவள். வெயிலில் நிறுத்திய புதுக் காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாசனை ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று கார் கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. அதை அளக்க இன்னும் மனித மூக்கைப் போல் ஒரு கருவி வரவில்லை. ஃபோம், பசை, துணி, பிளாஸ்டிக் என்று எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி ஜாடியில் போட்டு அடுப்பில் சூடேற்றுவார்கள். பிறகு மூடியைக் கொஞ்சமாகத் திறந்து ஐந்து பேர் மோந்து மார்க் போடுவார்கள். ஒன்று என்றால் வாசனையே இல்லை. ஆறு என்றால் தாங்க முடியாது. அந்த ஐந்து பேரில் வினோதினி போடும் மார்க்கைத்தான் மற்ற நால்வரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் பிரான்சிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் மரியான் என்ற பெண்மணி அந்தக் கம்பெனியின் எல்லா ஊர் மோப்பக் குழுக்களுக்கும் தலைவி. ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையாக வெட்டிய நரைமுடி, எப்போதும் கையில் ஒரு சின்ன நோட்டு. இரண்டாம் நாள் பன்னிரண்டு ஜாடிகளை வரிசையாக வைத்துச் சோதனை நடத்தினார். வினோதினி ஏழாவது ஜாடியை இரண்டு முறை மோந்தாள்.

"இந்த ஃபோமுக்கு மூணு மார்க். ஆனா ஜாடிக்கே ஒரு வாசனை இருக்குது. இதை மட்டும் வேற சோப்புல கழுவியிருக்காங்க" என்றாள்.

விசாரித்தார்கள். ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் கோமதியம்மாள் முதலில் மறுத்து, பிறகு ஒப்புக்கொண்டார். கடைசி ஜாடிக்கு லிக்விட் தீர்ந்துவிட்டது, அதனால் கேன்டீனிலிருந்து எலுமிச்சை வாசனை லிக்விடில் ஒரு மூடி வாங்கி வந்தாராம். பத்து தடவை தண்ணீர் விட்டு அலசினேன் என்று சொன்னார். மரியான் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினார்.

மதியம் கேன்டீனில் தட்டோடு வந்து வினோதினியின் எதிரில் உட்கார்ந்தார். வினோதினி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், ஆங்கிலத்தில் சமாளித்துவிடுவாள்.

"நீ ஒயின் குடிப்பாயா?"

"இல்லை."

"மோந்து பார்ப்பாயா?"

வினோதினி யோசித்தாள். மோந்து பார்ப்பதற்கு மாட்டேன் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. "மோந்து பார்க்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் குன்றத்தூரில் வீட்டுக்கு வந்ததும் கோபிநாத்திடம் சொன்னாள். மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் அவன். அந்த வாரம் முதல் ஷிப்ட் என்பதால் அவளுக்கு முன்னாலேயே வந்து டீ போட்டு வைத்திருந்தான்.

"சனிக்கெழம மத்தியானம் ஓட்டல்ல சாப்பாடு மாமா. வந்தவங்க ஊருக்குப் போறாங்க. அப்படியே ஒயின் மோந்து பாக்கச் சொல்றாங்க."

"மோந்து மட்டும்தானே?"

"வாயில ஊத்தி, ஒரு சுத்து சுத்தி, துப்பிடணுமாம்."

கோபிநாத் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "துப்புறதா? ஏரோப்ளேன்ல தூக்கினு வந்து இங்க துப்புவாங்களா?"

"அப்பத்தான் அடுத்ததை ஒழுங்கா மோக்க முடியும்."

"எங்க செட்டுல ஒருத்தன் துப்புனான்னு வெச்சுக்க, அப்புறம் அவனை எவனும் கூப்புடவே மாட்டான்."

மாதத்துக்கு ஒருமுறை, சம்பள வாரத்தில், கோபிநாத் அந்தச் செட்டோடு போய் வருவான். வந்ததும் அவனுக்குப் பேச்சு அதிகமாகும். வினோதினி மூன்று நாள் பேச மாட்டாள். இது ஏழு வருட வழக்கம். அதனால் இந்த விஷயத்தில் அதிகம் வாயைக் கொடுக்க அவன் விரும்பவில்லை. "சரி, பாத்துக்கோ" என்று முடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ஒரகடம் சந்திப்பை ஒட்டிய ஓட்டலில் ஒரு தனி அறை. நீளமான மேஜையில் வெள்ளைத் துணி, ஆளுக்கு ஐந்து கிளாஸ், துப்புவதற்கு ஐஸ் வாளி. பிளான்ட் தலைவர் பாண்டுரங்கன் முன்னாலேயே வந்து கிளாஸ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்துக்காரர். நாலு வருடத்துக்கு முன் பயிற்சிக்கு பிரான்ஸ் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒயின் மேல் பெரிய ஈடுபாடு. மீட்டிங்கில் யாராவது கால தாமதம் பற்றிப் பேசினால், "நல்ல ஒயினுக்கும் நேரம் வேணும்பா" என்பார். அன்று ஒரு பாட்டிலைச் சணல் பையில் சுற்றிக் கொண்டுவந்து தன் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். கடைசியில் திறப்பதற்காம்.

மற்ற பாட்டில்கள் விருந்தாளிகள் கொண்டுவந்தவை. ஆளுக்கு இரண்டு என்று ஆறு. ஒன்றை வந்த அன்றே அவர்கள் குடித்துவிட்டதால் மிச்சம் ஐந்து. மோப்பக் குழுவிலிருந்து வினோதினியும் சக்திகுமாரும் வந்திருந்தார்கள். அதே குழுவில் இருக்கும் அமலா, தன் சர்ச்சில் தெரிந்தால் வம்பு என்று வரவில்லை.

மரியான் எழுந்து நின்றார்.

"எங்கள் நாட்டில் பல பாட்டில்களில் திராட்சையின் பெயரே இருக்காது. ஊரின் பெயர்தான் இருக்கும். அந்த ஊர் என்றால் இந்தத் திராட்சை என்று எல்லாருக்கும் தெரியும்."

"பண்ருட்டின்னா பலா மாதிரி" என்று சக்திகுமார் வினோதினியிடம் கிசுகிசுத்தான்.

"இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலந்து செய்வதும் உண்டு. அதில் பேர்போன ஒயின்கள் இருக்கின்றன. ஆனால் கலக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். இங்கே இருக்கும் ஐந்தும் ஒரே ஒரு வகைத் திராட்சையில் செய்தவை. இவற்றுக்கு மறைந்துகொள்ள இடமில்லை."

வினோதினிக்கு இது உடனே பிடிபட்டது. முழு டேஷ்போர்டை மோந்தால் ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் தெரியும். ஃபோமைத் தனியாக, பசையைத் தனியாக, துணியைத் தனியாக மோந்தால்தான் இன்னது என்று சொல்ல முடியும்.

முதல் கிளாஸில் இருந்தது கமே என்ற திராட்சை. பளிச்சென்ற சிவப்பு. வினோதினி மூக்கை உள்ளே விட்டாள். மற்றவர்கள் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜாடியை மோப்பது போலக் குட்டிக் குட்டியாக மூன்று மூச்சு இழுத்தாள்.

"ஜவ்வு மிட்டாய்" என்றாள். "அதுக்கப்புறம் பூவன் பழம். நல்லா பழுத்தது."

ஜவ்வு மிட்டாய் என்றால் என்ன என்று சக்திகுமார் மரியானுக்கு விளக்கினான். கம்பில் சுற்றிய மிட்டாயிலிருந்து பிய்த்துக் கையில் வாட்ச் கட்டிவிடுவதை நடித்தே காட்டினான். வாழைப்பழம் மரியானுக்கு விளக்காமலே புரிந்தது. "ஆமாம், ஆமாம்" என்று நோட்டில் எழுதினார்.

இரண்டாவது பினோ நுவார். நிறம் இவ்வளவு வெளுத்திருக்கிறதே, தண்ணீர் கலந்துவிட்டார்களா என்று சக்திகுமாருக்குச் சந்தேகம். வினோதினி இதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். முதலில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். அது விலகியதும் நேற்றுக் கழற்றி வைத்த ரோஜா மாலை. அதற்கும் அடியில் ஈர மண். ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஜாடியில் இப்படி நடப்பதில்லை. ஜாடியில் ஒரு வாசனை வரும், நிற்கும், மார்க் வாங்கும், போகும். இது கிளாஸுக்குள் ஆள் நடமாட்டம் போல இருந்தது. வாயில் ஊற்றிச் சுற்றி வாளியில் துப்பியபோது முதல்முறையாக, அடடா, போகிறதே என்று தோன்றியது.

மூன்றாவது கிளாஸை மோந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன?" என்றார் மரியான்.

"பென்சில் சீவின தூள். அப்புறம் தக்காளிச் செடி இருக்கே, அதோட காம்பைக் கிள்ளினா விரல்ல ஒட்டிக்கும், அந்த வாசனை. கூடவே குடைமிளகாயை ரெண்டா வெட்டினா வர்றது. பழமும் இருக்குது, ஆனா அது பின்னாடி நின்னுகிட்டு இருக்குது."

பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்களில் மூத்தவர் மூக்கைச் சுருக்கி, இந்தப் பச்சை வாசனை தனக்கு ஒத்துவராது என்றார். அது கபெர்னே ஃப்ரான் என்ற திராட்சை. லுவார் ஆற்றங்கரையில் மரியானின் தம்பி பயிரிடுவது. பழம் நன்றாக முற்றும்வரை விட்டால் அந்தப் பச்சை வாசனை அடங்கிவிடுமாம். பலரும் அதற்காகவே காத்திருப்பார்களாம். தம்பி மட்டும் கொஞ்சம் முன்னதாகவே பறித்துவிடுவான், கேட்டால் அது இல்லாவிட்டால் இது எங்கள் ஊர் திராட்சை என்று எப்படித் தெரியும் என்பான் என்று மரியான் சொன்னார். சொல்லும்போது அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன.

நாலாவது மால்பெக். மை போலக் கறுப்பு. பேரீச்சம்பழம், உலர்திராட்சை, நாக்கில் வைத்ததும் கன்னத்தின் உட்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பது போல ஒரு பிடிப்பு.

"துவர்ப்பு" என்றாள் வினோதினி.

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு வரவில்லை. பாண்டுரங்கன் உதவிக்கு வந்தார். வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, மாதுளைத் தோல் என்று எடுத்துச் சொன்னார். எங்களுக்கு இனிப்பு, புளிப்பு மாதிரி இதுவும் ஒரு தனிச் சுவை, ஆறில் ஒன்று என்றார். மரியானுக்கு ஆச்சரியம். சிவப்பு ஒயினில் முக்கால்வாசிப் பேச்சு அதைப் பற்றித்தான், எங்கள் ஊரில் புதிதாக வருபவர்களுக்கு அதை ஒரு சுவையாகப் புரியவைக்கவே நாலு நாள் ஆகும் என்றார். வினோதினியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, 'துவர்ப்பு' என்பதைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். உச்சரித்தபோது 'துவாப்பு' என்று வந்தது.

ஐந்தாவது சிரா. வினோதினி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நாவல் பழம் தின்ற வாயோடு மிளகு ரசம் குடித்தால் எப்படியோ அப்படி. இதற்குச் சக்திகுமார்கூடத் தலையாட்டினான். அதுவரை அவனுக்கு எல்லாமே ஒரே வாசனையாகத்தான் இருந்திருக்கிறது.

சாப்பாடு வந்தது. எல்லாரும் பேச்சில் இறங்கினார்கள். வினோதினியின் முன்னால் மூன்றாவது கிளாஸில் இன்னும் இரண்டு விரல் ஒயின் இருந்தது. அவள் அதை எடுத்து மறுபடி மோந்தாள். அரை மணி நேரத்தில் குடைமிளகாய் ஒதுங்கி, பின்னால் நின்ற பழம் முன்னுக்கு வந்திருந்தது. இதை வாளியில் ஊற்றிவிட்டுப் போனால் ராத்திரி முழுக்க நினைப்பு வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. ஒரு வாய் எடுத்தாள், நாக்கில் சுற்றினாள், முழுங்கினாள். தொண்டையில் லேசான சூடு இறங்கியது. முழுங்கியபின் அந்தப் பென்சில் வாசனை மூக்கின் உட்பக்கம் வழியாகத் திரும்பி வந்தது. ஓகோ, துப்பினால் இது தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பாண்டுரங்கன் சணல் பையை எடுத்தார்.

அதுவும் பினோ நுவார்தான். பிரான்சிலிருந்து திரும்பும்போது வாங்கியது, பேர்போன ஊர், நாலு வருடமாக வீட்டில் ஏசி அறையில் படுக்கவைத்துப் பாதுகாத்தது. திறக்கும் முன் ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். எல்லாருக்கும் அவரே ஊற்றினார். மூத்த பிரெஞ்சுக்காரர் கிளாஸைத் தூக்கி, மோந்ததும் மோக்காததுமாக, "அற்புதம்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பாண்டுரங்கன் கண்ணை மூடி ஒரு வாய் அருந்தி, "பட்டு மாதிரி" என்றார்.

வினோதினி மோந்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து மோந்தாள்.

"வினோதினி, நீ சொல்லும்மா" என்றார் பாண்டுரங்கன். "இவ மார்க் போட்டாத்தான் எனக்கு நிம்மதி."

ஆய்வகத்தில் அவளை யாராவது மார்க் கேட்டால் அவள் சரக்கு யாருடையது என்று பார்ப்பதில்லை. அதே வாக்கில் சொல்லிவிட்டாள்.

"நாலு சார். மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது. ஸ்டோர்ஸ்ல ஒழுகுமே, அந்த மாதிரி. பழ வாசனையே இல்ல சார், யாரோ கம்பளி போட்டு மூடின மாதிரி இருக்குது."

சக்திகுமார் காலால் அவள் காலைத் தட்டினான். பாண்டுரங்கனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் காதுகள் சிவந்துவிட்டன.

மரியான் தன் கிளாஸை எடுத்து மோந்தார். பாட்டிலின் தக்கையை எடுத்து மோந்தார். "அவள் சொல்வது சரி" என்றார் மெதுவாக. "இது தக்கையால் வந்த கெடுதல். தக்கை மரத்தில் சில நேரம் அப்படி நேர்ந்துவிடும். வாங்கியவர் மேலும் தப்பில்லை, வைத்திருந்தவர் மேலும் தப்பில்லை. என் தம்பி வீட்டிலும் நடந்திருக்கிறது."

அற்புதம் என்று சொன்னவர் கிளாஸை மறுபடி மோந்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். பாண்டுரங்கன், "அப்படியா, அப்படியா" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார். கிளம்பும்வரை வினோதினியின் பக்கம் திரும்பவேயில்லை.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அதுதான் உறுத்தியது. முழுங்கிய ஒரு வாய் ஞாபகத்திலேயே இல்லை. வேலை செய்யும் இடத்தில் சொல்வதுபோல் விருந்தில் சொல்லிவிட்டோமே, கேட்டது அவர்தானே, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே குன்றத்தூரில் இறங்கினாள்.

இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. அவள் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டிருந்தபோது சக்திகுமார் ஒரு போட்டோ எடுத்து ஆய்வக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். அதே பிளான்டில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் எழிலரசன், கோபிநாத்தின் சித்தப்பா மகன், யாரிடமிருந்தோ அதை வாங்கி 'மண்ணூர் சொந்தங்கள்' குரூப்பில் ஏற்றிவிட்டான். கீழே 'அண்ணி வேற லெவல்' என்று ஒரு வரி. அவன் பாராட்டாகத்தான் போட்டான். ஐம்பத்து மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

கோபிநாத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "அம்மா மூணு தபா போன் பண்ணிச்சு. நான் திராட்சை ஜூஸுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வருது. நீயும் அதையே சொல்லிடு."

"ஜூஸ் இல்லையே."

"ஒயினுன்னு எனக்குத் தெரியும் வினோ. அம்மாவுக்கு எதுக்கு?"

"துப்பாம ஒண்ணை முழுங்கிட்டேன் மாமா."

கோபிநாத் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "நான் குடிச்சிட்டு வந்தா மூணு நாள் பேச மாட்ட. இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"மூணு நாள் பேசாத இரு."

அவனால் மூன்று நிமிடம்கூட இருக்க முடியவில்லை. "எப்படி கீது அது?" என்று கேட்டுவிட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமியார் ஜெயம் மண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை முருங்கைக்கீரை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"இன்னாடி அது போட்டோவுல? ஜூஸுன்றான் இவன். ஜூஸை எவ அப்படி மூக்கைத் தொங்கவுட்டு மோந்து பாப்பா?"

"ஜூஸ் இல்ல அத்தை. ஒயினு. அஞ்சு வகை குடுத்தாங்க. மோந்து பாத்துத் துப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் ஒரு வாய் முழுங்கினேன்."

கோபிநாத் எழுந்து சமையலறைப் பக்கம் போனான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

"முழுங்கினியா?" ஜெயம் நாற்காலியில் உட்கார்ந்தார். "எவனாவது முழுங்குன்னு சொன்னானா?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு."

"இந்த வூட்ல பொம்பளைங்க அதெல்லாம் தொட்டது கெடையாது."

"உங்க புள்ள தொடுறதுக்கு நீங்க ஒண்ணும் சொன்னதில்லையே அத்தை."

ஜெயம் கீரையை மடியில் போட்டு உருவத் தொடங்கினார். வினோதினியும் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். பாதிக் கீரை முடிந்தபின் ஜெயம் கேட்டார்.

"அஞ்சுல எது?"

"இன்னா அத்தை?"

"முழுங்கினியே. எதை?"

"பென்சில் சீவினா வருமே, அந்த வாசனை வர்றதை."

"இனிப்பா கீறதையாவது முழுங்கியிருக்கலாம். பென்சிலு வாசனைக்கா இத்தினி கூத்து?" என்றார் ஜெயம். அவருக்கு உண்மையாகவே அது விளங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பும்போது, "நான் இதை ஒத்துக்கினேன்னு நெனைக்காத" என்று சொன்னார். "கிருத்திகை அன்னைக்கு முருகன் கோயிலுக்கு மலையேறுற. அந்த நாள்ல வேணாம், அவ்ளோதான்." வாசலில் நின்றபடியே எழிலரசனுக்குப் போன் போட்டு, போட்டோவை எடுடா என்று தெருவுக்கே கேட்கும்படி ஏசினார். குரூப்பில் போட்டோ மறைந்தது. ஐம்பத்து மூன்று பேரும் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை பாண்டுரங்கன் கூப்பிட்டனுப்பினார். வினோதினி மனதுக்குள் மன்னிப்பு வாசகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனாள். அவர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், அன்னைக்கு நான் அப்படி..."

"அதை விடும்மா. எனக்கு ஒண்ணு சொல்லு. நீ சொன்னதுக்கு அப்புறமும் எனக்கு அந்த அட்டைப்பெட்டி வாசனை வரல. ஏன்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "தெரியல சார். நீங்க நல்லா இருக்கணும்னு நெனச்சுகிட்டு மோந்திருப்பீங்க."

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷமா நான் லேபிளைத்தான் படிச்சிட்டு இருக்கேன். புத்தகத்துல செர்ரின்னு போட்டிருந்தா செர்ரின்னு சொல்லுவேன். செர்ரியை நான் கேக் மேலதான் பார்த்திருக்கேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அப்ப ரெண்டு பாட்டில் வாங்கினேன். இன்னொண்ணு வீட்ல இருக்கு. அதுவும் அப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"தொறந்தாதான் சார் தெரியும். ஒரு தக்கை கெட்டா இன்னொண்ணும் கெடணும்னு இல்லன்னு மேடம் சொன்னாங்க."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. தொறந்துருவோம். இன்னொரு வருஷம் அதைப் பார்த்துப் பயந்துகிட்டு என்னால இருக்க முடியாது."

கோபிநாத்துக்கு இது பெரிய செய்தியாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு பைக்கை எடுத்தான். பாண்டுரங்கனின் வீடு ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் ஆறாவது மாடி. பால்கனியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலைக் கூரைகளும் நடுநடுவே மிஞ்சிய வயல் துண்டுகளும் தெரிந்தன. அவருடைய மனைவி லீலா வறுத்த முந்திரியும் உப்பில்லாத பிஸ்கட்டும் வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு கிளாஸ் போடுங்க. நாலு வருஷமா அந்த அலமாரியைத் துடைக்கிறது நான்" என்று வந்து உட்கார்ந்தார்.

பாண்டுரங்கன் தக்கையை இழுத்தார். நாலு கிளாஸ்களில் ஊற்றினார். எல்லாரும் வினோதினியைப் பார்த்தார்கள்.

அவள் மோந்தாள். உள்ளே என்ன நடமாடியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

"நீங்க மொதல்ல சொல்லுங்க சார். புத்தகத்துல இருக்குறது வேணாம். தப்பா இருந்தாலும் பரவால்ல."

பாண்டுரங்கன் மோந்தார். கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். மறுபடி மோந்தார். சொல்ல வந்து நிறுத்தி, மறுபடி மோந்தார்.

"சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுங்க" என்றார் லீலா.

"செருப்புக் கடை. புதுச் செருப்பை டப்பாவிலேர்ந்து எடுக்கும்போது வருமே."

வினோதினி தன் கிளாஸை மறுபடி எடுத்தாள். பீட்ரூட்டும் ரோஜாவும் அவளுக்கு முதலிலேயே கிடைத்திருந்தன. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் தேடினாள். இருந்தது. ஓரமாக, மெல்லிய தோல் வாசனை. அவள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தாள்.

"இருக்குது சார்" என்றாள். "நான் அதை விட்டுட்டேன்."

பாண்டுரங்கன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மேலதிகாரிக்காகச் சொல்கிறாளா என்று சோதிப்பது போல இருந்தது. பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். லீலாவுக்கு ரோஜா கிடைத்தது. கோபிநாத் நாலு தடவை மோந்து, "எனக்கு ஒயின் வாசனைதான் சார் வருது" என்று ஒப்புக்கொண்டான். வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் அவன் வாயில் ஊற்றிச் சுற்றிவிட்டு வாஷ்பேசினில் போய்த் துப்பினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் இருந்த துக்கத்தைப் பார்த்து லீலா அவன் கிளாஸை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் கையில் கொடுத்துவிட்டார், வீட்டுக்குப் போய்க் குடிக்கச் சொல்லி.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு திராட்சை என்று அன்றே முடிவானது. யார் வெளிநாடு போனாலும் வாங்கி வரச் சொல்லலாம். அடுத்தது சிரா. சக்திகுமாரையும் சேர்க்கலாம், ஆனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்றார் பாண்டுரங்கன்.

மாலை வெயிலில் பிள்ளைப்பாக்கம் தாண்டிக் குன்றத்தூர் சாலையில் பைக் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றதால் கோபிநாத் ஓரமாக நிறுத்தினான். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்கை நாலு பக்கமும் திருப்பினான்.

"வினோ, ஏதோ வருது. எரிஞ்ச ரப்பரு. அது லாரி பிரேக்கு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு கீது. இனிப்பா."

"நல்லா இழு. அவசரப்படாத."

அவன் கண்ணை மூடி இழுத்தான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"கரும்பு ஜூஸுக் கடை" என்றான். "கூட இஞ்சி போட்டிருக்கான்."

வினோதினி எட்டிப் பார்த்தாள். லாரிக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், ஒரு கரும்பு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி இரண்டு கிளாஸ் வாங்கப் போனாள்.